ஊசிக்குருவி வரவில்லை

பலகையில் என்னவோ 'இயற்கைக் காப்பிடம்' என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு யானையைத் தேடிக்கொண்டு யாரும் உள்ளே வந்துவிட வேண்டாம். மொத்தமே மூன்று ஏக்கர். ஒரு பக்கம் பேருந்துப் பணிமனை, மறுபக்கம் ஏழு மாடி ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு குளம், குளக்கரையில் ஆள் உயர நாணல், ஐம்பது அறுபது மரங்கள், இரண்டு பெஞ்சுகள், எப்போதும் பழுதாகிக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர் பம்பு. முட்டி வலிக்காரர்கூடப் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அக்கம்பக்கத்தார் அதைப் 'புதர்' என்றே சொல்வார்கள்.

புதரின் முன்கதவு எட்டு மணிக்குத்தான் திறக்கும். பின்கதவுக்கு இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று மட்டும் இருபது வருடமாக லிஃப்ட்காரர் வீட்டு ஆணியில் தொங்கியது. சனிக்கிழமைதோறும் விடியற்காலை அவரும் அவர் மனைவியும் ஃபிளாஸ்க்கில் காபியோடு அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவார்கள். ஊரில் மற்ற தம்பதிகள் சனிக்கிழமை தூங்குவார்கள். இவர்கள் ஒரு குருவியின் குரலைக் கேட்கப் போவார்கள். பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர்கள் அசைந்து கொடுத்ததில்லை.

லிஃப்ட்காரர் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கீழ்த்தளத்தில் மூடிய கதவில் காதை வைத்து, "நாலாவது மாடிக்கு மேல உருளை தேயுது, இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்று சொல்வார். ரெண்டு மாதம்தான் தாங்கும். வேலை செய்த இடத்தில் அவருக்கு வைத்த பெயர் பாம்புக் காது. அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

அந்தக் காதால்தான் ஊசிக்குருவியைக் கண்டுபிடித்தார். பலகையில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. கண்ணில் படவே படாது. நாணலுக்குள்ளேயே பிறந்து நாணலுக்குள்ளேயே சாகிற ஜாதி. வருடத்தில் பத்துப் பன்னிரண்டு வாரம், விடியும் நேரத்தில் மட்டும், துணியிலிருந்து நூலை இழுப்பதுபோலச் சன்னமாக மூன்று முறை கத்தும். கடைசியில் ஒரு விக்கல். அதற்கு ஊசிக்குருவி என்று பெயர் வைத்தவரும் அவரே. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி போட்டதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. "உன் பேருதான் வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் குத்தறது தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

குருவியைப் பற்றி எழுத ஒரு பெரிய நோட்டு இருந்தது. காவலர் அறை மேசையில் கிடக்கும். கண்டதை எழுத ஒரு கையெழுத்துப் போதும். கேட்டதை எழுத இரண்டு கையெழுத்து வேண்டும்: ஒன்று கேட்டவருடையது, இன்னொன்று கூட இருந்த சாட்சியுடையது. கேட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் அல்லவா, அதற்காக அந்த விதி. 'கேட்கவில்லை' என்று எழுதினாலும் இரண்டு கையெழுத்துதான். இருபது வருடமாக முதல் கட்டத்தில் அவர், இரண்டாம் கட்டத்தில் அவள்.

அந்த நோட்டைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நாணலை வெட்டி மண் கொட்டப் பார்த்தார்கள். அரிய குருவி குடியிருக்கும் இடம் இது என்று லிஃப்ட்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். மண் வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து மூன்று முறை அந்தக் கதையைச் சொன்னார். மூன்று முறையும் அவள் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டாள்.

இனி அவள் செய்த காரியத்துக்கு வருவோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் நுரையீரலில் சீழ் கட்டி ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டரே மென்று முழுங்கிக்கொண்டு பேசிய நாட்கள் அவை. மருந்து மேல் மருந்தாக ஏற்றினார்கள். ஆள் பாதியாகிவிட்டார். ஐந்து வாரமும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குருவி வர்றதுக்குள்ள என்ன விட்டுடுவாங்களா?" விட்டார்கள். முதல் சனிக்கிழமையே அவரைக் கைத்தாங்கலாகப் புதருக்கு அழைத்துப் போனாள். நாணல் ஓரத்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தடி தூரத்தில் ஊசிக்குருவி கத்தியது, தெளிவாக, மூன்று இழுப்பும் விக்கலும். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவர் நாணலையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வரல போல, இல்ல?" என்றார்.

குருவி மறுபடியும் கத்தியது. அவர் முகத்தில் ஓர் அசைவில்லை. சட்டை தோளில் தொங்க, எலும்பும் தோலுமாக, எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லங்க. வரல" என்றாள்.

கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. கொஞ்சம் தேறட்டும், பிறகு காது டாக்டரிடம் பக்குவமாக அழைத்துப் போகலாம் என்று நினைத்தாள். முப்பது வருடமாக அவள் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது. யாருக்கு என்ன வியாதி என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆனால் அதைச் சொல்வது அவள் வேலையில்லை. முடிவைக் கவரில் போட்டு ஒட்டி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீட்டி, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள். வாய் திறந்து ஒரு கெட்ட செய்தியை அவள் யாருக்கும் சொன்னதேயில்லை. வெளியாருக்கு அந்தப் பழக்கம் சரி. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தாள், அதுதான் தப்பாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமையும் "வரல" என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை அதைவிடச் சுலபமாக வந்தது. ஒருமுறை சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் முந்தின பொய்களையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நாள் போகப் போகக் கனம் கூடிக்கொண்டே போனது. வீட்டிலும் காதும் காதும் வைத்தாற்போல் எல்லாவற்றையும் மாற்றினாள். போன் மணியை மேளச் சத்தமாக வைத்தாள். அது அவருக்கு நன்றாகக் கேட்டது. பேச்சும் கேட்டது, பஸ் சத்தம், கதவுச் சத்தம் எல்லாமே கேட்டன. போனது சன்னமான சத்தங்கள் மட்டுமே. கைக்கடிகார அலாரம் அடிக்கவில்லை என்று கடைக்குப் போனார். அடிக்கிறது என்றான் கடைக்காரன். மூன்றாம் முறை போனபோது அவரை மேலும் கீழும் பார்த்தான். "அவன் கண்ணுக்கு நான் கேனையன் மாதிரி இருக்கேன் போல" என்று அவர் குதித்தார். அவள் வேறு கடிகாரம் வாங்கி வந்து, "இதுல அலாரமே கெடையாதுங்க" என்று கட்டிவிட்டாள்.

மூன்று பருவம் போயிற்று. நோட்டில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 'கேட்கவில்லை', அவர் கையெழுத்து, பக்கத்தில் அவள் கையெழுத்து.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை பின்கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லிஃப்ட்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மூன்று தொடர் பருவங்களாகப் பறவைப் பதிவு இல்லாததால் நாணல் பகுதியின் காப்பு முடிவுக்கு வருகிறது. திங்கள் முதல் வாகன நிறுத்துமிடப் பணி தொடங்கும். கீழே ஒரு முத்திரை.

இப்படி ஒரு விதி இருப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்குள் முடிந்துபோகிற பொய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் அவர்.

"என்னங்க சரி? மண்ணக் கொட்டப் போறேங்கறாங்க."

"நாமதானே எழுதிக் குடுத்தோம், வரலன்னு. வராத குருவிக்கு எடம் எதுக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "போகட்டும். எங்கேயாவது நல்லா இருந்தா சரி."

வீட்டை விட்டுப் போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

காவலர் எண்ணெய்க் குப்பியோடு பம்படியிலிருந்து வந்தார். இவர்களைவிடப் பத்து வயது சின்னவர். அவளை அக்கா என்பார். "ஏழு மணிக்கு நோட்டீஸ் போட்ட ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க சார், நோட்ட வாங்கிட்டுப் போக. இன்னிக்குத்தான் கடைசிப் பதிவாம்" என்றார். பிறகு அவருடைய வழக்கமான புலம்பல்: "இந்தப் பம்பு என் உயிர வாங்குது அக்கா. காலைல ஆனா கீச் கீச்சுன்னு ஒரே கத்தல். போன வருஷமும் இதே மாசம் இப்படித்தான். எண்ணெ ஊத்தி ஊத்திக் கொளத்துல மீனெல்லாம் வழுக்குது."

"பேரிங்கா இருக்கும். இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்று லிஃப்ட்காரர் உற்சாகமாகப் போய்ப் பம்பின் மேல் காதை வைத்தார். பழுது என்றால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "அருமையா ஓடுது தம்பி. ஒரு கீச்சும் இல்ல. உங்க காதத்தான் பாக்கணும்."

காவலர் அவளைப் பார்த்தார். அவள் குளத்தைப் பார்த்தாள்.

ஆறு மணிக்கு இருவரும் வேலிக்கம்பியருகே போய் நின்றார்கள். அவர் ஒரு கையைக் காதோரம் குவித்து, மறுகையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டார். விடைகொடுக்க வந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. சட்டையைக்கூட இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். குருவி இன்றைக்காவது கத்தாமல் இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். கத்தாவிட்டால் அவள் சொல்லப்போவது ஒரு நாளைக்காவது உண்மையாக இருக்கும்.

ஆறு பன்னிரண்டுக்குக் கத்தியது. மூன்று இழுப்பு, ஒரு விக்கல். ஆறு பதினைந்துக்கு மறுபடியும். நாணல் நுனி ஒன்று லேசாக ஆடியது. உள்ளே கூடு இருக்க வேண்டும். கூடு கட்டும் மாதம் அது. கூட்டில் முட்டையும் இருக்கலாம். திங்கட்கிழமை அதன் மேல் மண் விழும். அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆறு முப்பத்தொன்றுக்கு மூன்றாம் முறை. இவ்வளவு நன்றாக அது கத்தி அவள் கேட்டதேயில்லை.

"அவ்வளவுதான், வா" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். தேதி போட்டார். 'கேட்கவில்லை' என்று எழுதினார், அழகான குண்டுக் கையெழுத்தில். தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். பரிசோதனை நிலையத்தில் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் மறுபடி ரத்தம் எடுக்கலாம். இங்கே அதற்கு இனிமேல் நாள் இல்லை. நாணலைக் காப்பாற்றினால் இவரை உடைக்க வேண்டும். இவரைக் காப்பாற்றினால் அது போய்விடும். நல்ல வழி என்று ஒன்று மூன்று வருடத்துக்கு முன்பு இருந்தது. அதை அவள்தான் மூடினாள்.

சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போடாமல், அவர் எழுதியதன் கீழே எழுதினாள்: 'கேட்டது. 6.12, 6.15, 6.31.'

அவர் குனிந்து படித்தார். "என்ன இது?"

"வந்துச்சுங்க."

"எப்போ?"

"நீங்க நின்னுட்டிருந்தப்பத்தான். மூணு தடவ."

அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவளால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை. "எனக்கும்தான் மனசு கேக்கல. அதுக்காக நோட்டுல பொய் எழுதலாமா? இருபது வருஷத்துல கேக்காத ஒண்ணக் கேட்டேன்னு நாம எழுதினதுண்டா? குடு பேனாவ." அவள் எழுதியதை அடிக்கக் கையை நீட்டினார்.

மூன்று வருடம் அவள் சொன்ன பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவர், முதன்முதலாக அவள் சொன்ன உண்மையைப் பொய் என்கிறார். யாரை நோவது?

அப்போது அது மறுபடி கத்தியது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்போ. இதோ இப்போ கத்துது பாருங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முழு மனதோடு கேட்டார். "இல்லையே" என்றார்.

பம்படியிலிருந்து காவலர் கத்தினார். "கேட்டீங்களா அக்கா? மறுபடி ஆரம்பிச்சுடுச்சு சனியன்!"

லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். காவலரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த எண்ணெய்க் குப்பியைப் பார்த்தார், பிறகு மனைவியின் கையைப் பார்த்தார். அது இன்னும் அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தது. பழுது எங்கே என்று தேடி முப்பத்தைந்து வருடம் பழகிய மனிதர். "தம்பி, பம்ப நிறுத்துங்க" என்றார்.

பம்பு நின்றது.

"இப்போ சத்தம் வருதா?"

"பம்பு நின்னுடுச்சு சார். ஆனா..." காவலர் தலையைச் சொறிந்தார். "சத்தம் நிக்கலையே. அந்தப் புல்லுக்குள்ளேர்ந்துல்ல வருது!"

அவர் பெஞ்சில் சாய்ந்தார். வலது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

"எத்தன நாளா?"

"நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மொத சனிக்கெழமையிலேர்ந்து."

"மூணு வருஷமாவா?"

"ம்."

"எனக்கே காது குத்திட்டியே" என்றார். கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "செவிடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?"

"அப்போ நீங்க சாகத்தாங்க இருந்தீங்க" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் தேற்றவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று வருடத்துப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு சனிக்கிழமையாக, தான் எழுதிய 'கேட்கவில்லை'யின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. மொத்தம் முப்பத்து நான்கு சனிக்கிழமைகள். ஒன்றைக்கூட அவசரமாக அடிக்கவில்லை. இருபது வருடத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அது.

இன்றைய பக்கத்துக்கு வந்ததும் கேட்டவர் கட்டத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு மனைவியின் பெயரை எழுதினார். காவலரைக் கூப்பிட்டு, "சாட்சி நீங்க" என்றார்.

"நான் பம்புன்னுல்ல சார் நெனச்சேன்?"

"நெனச்சத யாரு கேட்டா? காதுல கேட்டுதா இல்லையா?"

"கேட்டுது."

"போடுங்க கையெழுத்து."

ஏழு மணிக்கு அலுவலகத்துப் பெண் வந்தாள். சின்னப் பெண், தூக்கக் கலக்கம், கையில் ஒரு கோப்பு. நோட்டைப் பிரித்தவள் தூக்கம் கலைந்து நிமிர்ந்தாள். "சார், மூணு வருஷத்தையும் அடிச்சா எப்படி? கோப்பு மறுபடி முதல்லேர்ந்து மேல போகணும்."

"போகட்டும்மா."

"அனுப்பறேன் சார். ஆனா திங்கக்கெழம வண்டி வந்துடும்." நல்ல பெண்தான், அங்கேயே நின்று நான்கு பேருக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த அதிகாரி போனை எடுப்பார்? "பாம்புக் காதுன்னு உங்களப் பத்திக் கோப்புலயே எழுதியிருக்கு சார், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. உங்க நோட்டத்தான் நாங்க அப்படியே நம்பினோம்" என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகம் சுருங்கியது.

கடிதம் மேலே போய்க் கீழே வர ஒன்பது நாள் ஆயிற்று. மண் வண்டிக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் பரிசோதனை நிலையத்தில் ஒருவருக்குக் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது காவலர் போன் செய்தார். மண் வண்டி உறுமும் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. "அக்கா, பம்ப நான் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். வண்டி வந்ததுலேர்ந்து அது கத்திக்கிட்டே இருக்கு அக்கா. விடாம கத்துது. நான் என்ன செய்யட்டும்?" பதினொரு மணிக்கு மறுபடி போன் வந்தது. இப்போது சத்தம் இல்லை என்றார்.

அன்று மாலை அதை அவரிடம் மறைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வீட்டுக்குள் நுழைந்து, கால்கூடக் கழுவாமல் அவர் எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கத்தியது, விடாமல் கத்தியது, பதினொரு மணிக்கு நின்றது, எல்லாவற்றையும். கெட்ட செய்தியை வாயால் சொல்வது எப்படி என்று ஐம்பத்தெட்டாவது வயதில் கற்றுக்கொண்டாள். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் காது டாக்டரிடம் போனார்கள். மருந்தோ வயதோ, மெல்லிய சத்தங்கள் போனது போனதுதான் என்றார் டாக்டர். ஒரு கருவி மாட்டினார்கள். "ஸ்பூன் சத்தம் இடி மாதிரி விழுது, நீ பேப்பரப் பொரட்டினா கூர இடியுது" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் ஊசி அளவு சத்தத்தை அந்தக் கருவியாலும் பிடிக்க முடியவில்லை. வீட்டில் சண்டை இல்லை. பேச்சும் நடந்தது, சாப்பாடு, மின்சாரம், மருந்து என்று. ஆனால் முன்பெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பவர், இப்போது ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு 'அப்படியா' என்றார். அந்த ஒரு கணத்தை அவள் தினமும் தாங்கினாள்.

பருவம் மறுபடி வந்தது. முதல் சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து அவரே ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றினார். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாணல் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்ட தரை. கரையோரம் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் நாணல் மிஞ்சியிருந்தது. ஒன்பது நாள் கழித்து வந்த கடிதம் காப்பாற்றியது அவ்வளவுதான். நோட்டும் அந்தக் கடிதத்தோடு திரும்பி வந்திருந்தது. காவலரைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்து கையை ஆட்டினார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

லிஃப்ட்காரர் கம்பியருகே போய் நின்றார். நாணலுக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே நின்றார்.

"என்னங்க, இப்படித் திரும்பி நிக்கறீங்க? என் மூஞ்சிலயா குருவி உக்காந்திருக்கு?"

"அந்த மூணு வருஷமும் இப்படி நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "உன் மூஞ்சில வந்திருக்கும். நான் புல்லையே பாத்துட்டு நின்னேன்."

அவள் கேட்டாள். உயிரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஆறு பன்னிரண்டு போயிற்று. பணிமனையிலிருந்து முதல் பஸ் கிளம்பியது. ஆறரை ஆயிற்று. ஒரு கார் வந்து வெள்ளைக் கோட்டுக்குள் நின்றது. அவர் கண்ணை எடுக்கவேயில்லை. அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வருமா என்று, முன்பு நாணலைப் பார்த்த அதே பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது: வந்துச்சு. சொன்னால் அவர் முகம் மலரும். நோட்டில் அவர் கையால் நேரம் குறிப்பார். ஒருவேளை இந்தக் கட்டில் அகல நாணலாவது பிழைக்கும். அந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

ஏழு மணி ஆயிற்று.

"வரலையா?" என்றார்.

"இல்லங்க. வரல."

மூன்று வருடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே கம்பியருகே. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் தேதி போட்டு 'கேட்கவில்லை' என்று எழுதித் தன் பெயரை எழுதினாள். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அவர் பேனாவை வாங்கினார். சாட்சிக் கட்டத்தின் மேல் அது சற்று நேரம் நின்றது. "காதால கேக்காம போடற கையெழுத்து இது" என்றார். "உன்ன நம்பிப் போடறேன்."

போட்டார். சத்தியமா என்று கேட்கவில்லை, மறுபடி ஒருமுறை கேட்டுப் பார் என்று சொல்லவில்லை. அந்த மூன்று வருடமும் அவர் அவளை இப்படித்தான் நம்பியிருந்தார்.